பழைய காருக்கு வலுவான பின் ஆக்சில்: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

எஞ்சினை மாற்றியாயிற்று, கிளட்சும் கியர்பாக்ஸும் அதற்கேற்ப வந்துவிட்டன. அடுத்து அடி வாங்கப்போவது பின் ஆக்சில். பழைய பின்சக்கர இயக்கக் கார்களில், அந்தந்த எஞ்சினுக்குப் போதுமான ஆக்சிலைத்தான் தொழிற்சாலையில் பொருத்தினார்கள். கொஞ்சம் கூடுதல் பலம் வைத்திருப்பார்கள், ஆனால் இரண்டு மடங்கு வைத்திருக்க மாட்டார்கள்.

ஆக்சில் மாற்ற நினைப்பவர்கள் முதலில் கேட்பது, “இது எத்தனை குதிரைத்திறன் தாங்கும்?” என்பதுதான். அதற்கு ஒரே எண்ணில் பதில் சொல்ல முடியாது. ஒரே ஆக்சில் ஒரு காரில் 500 குதிரைத்திறனோடு வருடக்கணக்கில் ஓடும், இன்னொரு காரில் 250க்கே பல் உதிர்ந்துவிடும். ஆக்சிலுக்குத் தெரிவதெல்லாம் தன் மீது ஏறும் முறுக்குவிசை மட்டுமே. அது எவ்வளவு ஏறும் என்பதை எஞ்சினைவிட டயர்தான் அதிகம் தீர்மானிக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் மற்ற முடிவுகள் எளிதாகிவிடும்.

உள்ளே இருப்பவை

கியர்பாக்ஸிலிருந்து வரும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், ஆக்சிலின் மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் பினியனைச் சுழற்றுகிறது. பினியன், தட்டு போன்ற பெரிய கிரவுன் வீலைச் சுழற்றுகிறது. கிரவுன் வீல் ஒரு வார்ப்புக் கூட்டின் மேல் போல்ட் செய்யப்பட்டிருக்கும். அதைக் கேரியர் என்பார்கள். கேரியருக்குள் இருக்கும் சிறு பல்சக்கரங்கள் சுழற்சியை இடது, வலது ஷாஃப்ட்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. இந்தப் பகுதிதான் டிஃபரன்ஷியல். இவை அனைத்தையும் தாங்கும் இரும்பு உடம்பு ஹவுசிங். அதன் நடுவில் வார்ப்புப் பகுதி, இரு பக்கமும் எஃகுக் குழாய்கள்.

கார் ஆக்சில்களில் ஷாஃப்ட்டுக்கு இரண்டு வேலை. சக்கரத்தைச் சுழற்றவும் வேண்டும், காரின் எடையைத் தாங்கவும் வேண்டும். ஆகவே ஷாஃப்ட் உடைந்தால் இழுவை போவதோடு கதை முடியாது. சில அமைப்புகளில் சக்கரமே கழன்று போகும். அதற்குப் பின்னால் வருவோம்.

முறுக்குவிசையைக் கணக்கிடுவது

இரண்டு கணக்குகள் போட வேண்டும். இரண்டில் எது சிறியதோ, அதுவே ஆக்சில் மீது ஏறும் விசை.

முதல் கணக்கு எஞ்சின் பக்கத்திலிருந்து. எஞ்சினின் முறுக்குவிசையை முதல் கியர் விகிதத்தாலும் ஆக்சில் விகிதத்தாலும் (சக்கரம் ஒரு சுற்று வர பினியன் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற எண்) பெருக்குங்கள். 400 நியூட்டன் மீட்டர் எஞ்சின், முதல் கியர் 3.35, ஆக்சில் 3.55 என்றால் 400 × 3.35 × 3.55 = 4,757 நியூட்டன் மீட்டர். எஞ்சின் அதிகபட்சமாகக் கொடுக்கக்கூடியது இது.

இரண்டாவது கணக்கு டயர் பக்கத்திலிருந்து. பின் டயர்கள் மீது இருக்கும் எடை (கிலோவை 9.81ஆல் பெருக்கி நியூட்டனாக்கியது), தரையோடு அவற்றின் பிடிப்பு, டயரின் ஆரம் ஆகிய மூன்றையும் பெருக்க வேண்டும். 1,400 கிலோ கார், நிற்கும்போது அதில் 45 சதவீதம் பின்னால் இருக்கிறது, ஈர்ப்பு மையம் அரை மீட்டர் உயரம், சக்கர இடைவெளி 2.7 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண ரோட்டு டயருக்குப் பிடிப்புக் கெழு 0.9 எனலாம். கிளம்பும்போது முன்பக்கம் தூக்கி எடை பின்னால் சாய்வதையும் சேர்த்தால், பின் டயர்கள் மீது சுமார் 756 கிலோ அமரும். டயர் ஆரம் 0.32 மீட்டர் என்றால், வழுக்குவதற்கு முன் ஆக்சில் காணும் முறுக்குவிசை ஏறக்குறைய 2,140 நியூட்டன் மீட்டர். எஞ்சின் 4,757 கொடுக்கத் தயாராக இருந்தாலும், அதில் பாதி வருவதற்குள் டயர் சுழன்று புகை கிளப்பிவிடும். ஆக்சில் தப்பித்தது.

இப்போது அதே காரில் மென்மையான ரேஸ் டயரைப் போட்டு, பசை பிடித்த ஓடுதளத்தில் நிறுத்துங்கள். பிடிப்புக் கெழு 1.6 ஆகிறது, எடை இன்னும் அதிகமாகப் பின்னால் சாய்கிறது, டயர் ஆரமும் 0.33 மீட்டர் ஆகிறது. கணக்கு சுமார் 4,600 நியூட்டன் மீட்டருக்கு வந்து நிற்கிறது. எஞ்சினில் ஒரு திருகாணிகூட மாறவில்லை, ஆக்சில் மீதான சுமை இரட்டிப்புக்கு மேல் போய்விட்டது. “டயர் மாற்றினேன், அடுத்த வாரமே ஆக்சில் போய்விட்டது” என்று சொல்பவர்கள் மிகைப்படுத்திச் சொல்வதில்லை.

இவை சீராக ஏறும் விசைக்கான கணக்குகள். அதிர்ச்சி வேறு. 4,000 சுற்றில் கிளட்சைச் சட்டென விட்டால், சுழன்றுகொண்டிருக்கும் ஃப்ளைவீலின் மொத்த ஆற்றலும் ஒரே அடியாக வந்து மோதும். ஆட்டோமேட்டிக்கில் டார்க் கன்வெர்ட்டர் விசையைப் பெருக்கிக் கொடுத்தாலும் எண்ணெய் வழியாக மெதுவாக ஏற்றுகிறது. அதனால்தான் மேனுவல் கியர் காருக்கு ஆக்சிலை ஒரு படி மேலே தேர்ந்தெடுப்பது வழக்கம். இதைவிட மோசமானது, பட்டா (ஆக்சிலையும் காரையும் இணைக்கும் தகட்டு ஸ்பிரிங்) முறுக்கிக்கொண்டு சக்கரம் தத்தித் தத்திக் குதிப்பது. ஒவ்வொரு முறை டயர் தரையில் விழும்போதும் ஷாஃப்ட் ஒரு சுத்தியல் அடி வாங்குகிறது. குதிப்பை நிறுத்தாமல் பெரிய ஆக்சில் வாங்கிப் போட்டால், அதுவும் ஒரு நாள் உடையும். முதலில் பட்டா முறுகுவதைத் தடுக்கும் தண்டுகளைப் பொருத்திப் பாருங்கள். பல கார்களுக்கு அதுவே போதுமானதாக இருக்கும்.

பழையது எங்கே உடைந்தது?

ஏற்கெனவே உடைந்த ஆக்சில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதைப் பிரித்துப் பாருங்கள். ஷாஃப்ட்டின் உள்முனையில் ஸ்ப்லைன் வரிகள் (டிஃபரன்ஷியலின் பல்சக்கரத்தில் கோத்துக்கொள்ள நீளவாக்கில் வெட்டிய பற்கள்) நேராக ஓட வேண்டும். அவை முறுக்கிய கயிறு போலச் சாய்ந்திருந்தால், ஷாஃப்ட் தன் எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள், இன்னும் உடையாவிட்டாலும்கூட. கிரவுன் வீலில் அடுத்தடுத்த சில பற்கள் மட்டும் ஒடிந்திருந்தால் அது அதிர்ச்சியின் வேலை. கேரியருக்குள் இருக்கும் சிறு பற்சக்கரங்கள் நொறுங்கியிருந்தால், ஒரு சக்கரம் மட்டும் நீண்ட நேரம் தனியாகச் சுழன்றிருக்கும். அங்கே பெரிய ஆக்சிலைவிட வேறு வகை டிஃபரன்ஷியல்தான் மருந்தாக இருக்கலாம். டயர்களின் உள்ளோரம் மட்டும் தேய்ந்திருந்தால் குழாய் வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஷாஃப்ட்டின் பலம் அதன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்றபடி கூடும். ஆகவே பார்வைக்குச் சிறிதாகத் தெரியும் வித்தியாசம் நிஜத்தில் பெரியது. ஸ்ப்லைன் பற்களின் எண்ணிக்கையை வைத்தே ஷாஃப்ட்டைக் குறிப்பிடுவார்கள்: 28 ஸ்ப்லைன் ஷாஃப்ட் சுமார் 30.5 மிமீ, 31 ஸ்ப்லைன் சுமார் 33.5 மிமீ, 35 ஸ்ப்லைன் சுமார் 38 மிமீ. 28லிருந்து 31க்குப் போனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல் பலம், 35க்குப் போனால் ஏறக்குறைய இரு மடங்கு. உலோகமும் ஒன்றாக இருந்தால்தான் இந்த ஒப்பீடு பொருந்தும். நல்ல உலோகத்தில் செய்த 28 ஸ்ப்லைன், சாதாரண 31ஐ எட்டிப் பிடித்துவிடும்.

அடிக்கடி கேட்கும் பெயர்கள்

மாற்று ஆக்சில் பேச்சில் வரும் பெயர்களில் பெரும்பாலானவை அமெரிக்கக் கார்களிலிருந்து வந்தவை. பெயரில் இருக்கும் எண் பொதுவாகக் கிரவுன் வீலின் விட்டம், அங்குலத்தில்.

ஃபோர்ட் 9 அங்குலம் 1957 முதல் 1986 வரை தயாரானது. இதன் சிறப்பு, நடுப்பகுதி முழுவதையும் முன்பக்கமாகக் கழற்றி எடுக்கலாம் என்பது. பல்சக்கரங்களை மேசை மேல் வைத்துச் சரிசெய்யலாம், வேறு விகிதத்தில் இன்னொரு நடுப்பகுதியைத் தயாராக வைத்துக்கொள்ளலாம். பினியனின் உள்முனைக்குத் தனியாக ஒரு பேரிங் இருப்பதால், சுமை ஏறும்போது பினியன் விலகிப் போவதில்லை. குறையும் உண்டு. பினியன், கிரவுன் வீலின் மையத்துக்கு 2.25 அங்குலம் கீழே அமர்ந்திருக்கிறது. அவ்வளவு கீழே இருந்தால் பற்கள் ஒன்றன் மேல் ஒன்று அதிகம் உரசிச் சறுக்கும். பலம் கூடுகிறது, ஆனால் சூடும் சக்தி இழப்பும் கூடுகின்றன. மிதமான எஞ்சினோடு தினமும் ஓட்டும் காருக்கு இது தேவையற்ற சுமை என்பதே எங்கள் கருத்து.

இதே உருவத்தில் ஃபோர்ட் 8 அங்குலம் என்று ஒன்று இருக்கிறது. அதை 9 என்று நினைத்து வாங்கி ஏமாறுபவர்கள் பலர். சோதனை சுலபம்: நடுப்பகுதியைப் பிடித்திருக்கும் நட்டுகளில், அடியில் உள்ளவற்றின் மேல் சாக்கெட்டை நேராக நுழைத்துப் பாருங்கள். 8 அங்குலத்தில் எல்லா நட்டுகளுக்கும் சாக்கெட் நுழையும். 9 அங்குலத்தில் அடியில் உள்ள இரண்டுக்கு வார்ப்பு இடிக்கும், திறந்த வாய் ஸ்பேனர்தான் போகும்.

ஃபோர்ட் 8.8 அங்குலம் 1983இல் வந்தது. மஸ்டாங்கில் வந்தவை பெரும்பாலும் 28 ஸ்ப்லைன். எக்ஸ்ப்ளோரர் எஸ்யுவியில் வந்தவை 31 ஸ்ப்லைன், 1995 முதல் 2001 வரையிலானவற்றில் டிஸ்க் பிரேக்கும் சேர்ந்தே கிடைக்கும். பழைய காரைப் பலப்படுத்த நினைக்கும் புதியவருக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றைச் சொல்வது கடினம். குறை: குழாய்கள் நடு வார்ப்புக்குள் அழுத்திச் செருகப்பட்டு, சில புள்ளிகளில் மட்டும் வெல்டிங் வைக்கப்பட்டிருக்கும். கடும் விசையில் குழாய் அப்படியே நிற்க, நடுப்பகுதி சுழன்று மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும்.

ஜெனரல் மோட்டார்ஸ் ஆக்சில்களை மூடியிலுள்ள போல்ட்டுகளை எண்ணிப் பெயர் வைக்கும் பழக்கம் உண்டு. இதில்தான் குழப்பம். “10 போல்ட்” என்ற பெயரில் 7.5, 8.2, 8.5 அங்குலம் என்று வெவ்வேறு ஆக்சில்கள் இருக்கின்றன. 7.5க்கும் 8.5க்கும் பலத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். காரில் வந்த 12 போல்ட் ஆக்சில் 8.875 அங்குலம். டிரக்கில் வந்த 12 போல்ட்டும் அதே கிரவுன் விட்டம் கொண்டதுதான், ஆனால் அதன் பினியன் தண்டு 1.438 அங்குலம், காரில் வந்ததோ 1.625 அங்குலம். போல்ட்டை மட்டும் எண்ணிக்கொண்டு வாங்காதீர்கள்.

1957 முதல் 1974 வரை கிறைஸ்லர் கார்களில் வந்த 8¾ அங்குலமும் நடுப்பகுதியைக் கழற்றக்கூடியதே. டானா நிறுவனத்தின் ஆக்சில்களில் பெயரிலுள்ள எண் விட்டம் அல்ல: டானா 44க்குக் கிரவுன் 8.5 அங்குலம், டானா 60க்கு 9.75 அங்குலம். டானா 60 ஏறக்குறைய எதையும் தாங்கும். ஆனால் அதன் எடை முழுவதும் பட்டாவுக்குக் கீழே தொங்குகிறது. மேடுபள்ளத்தில் கார் துள்ளும், சின்னக் காரின் ஓட்டமே கெட்டுவிடும். தேவைக்கு ஒரு படி மேல் போதும், மூன்று படி வேண்டாம்.

சி-கிளிப்பா, வெளியில் பூட்டா?

ஷாஃப்ட் வெளியே வந்துவிடாமல் எது பிடித்திருக்கிறது என்று பாருங்கள். 8.8, 10 போல்ட், 12 போல்ட் ஆகியவற்றில் ஷாஃப்ட்டின் உள்முனையில் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். அதில் குதிரை லாடம் போன்ற சின்ன வளையம் உட்காரும், அதுதான் சி-கிளிப். ஷாஃப்ட்டை உள்ளே தள்ளினால் வளையத்தைக் கையாலேயே எடுத்துவிடலாம், வெளியே இழுத்தால் பல்சக்கரத்தின் குழிக்குள் போய் மாட்டிக்கொள்ளும். அவ்வளவுதான் சக்கரத்தைக் காரோடு சேர்த்து வைத்திருப்பது. ஷாஃப்ட் நடுவில் ஒடிந்தால், வெளிப்பாதி சக்கரத்தோடும் பிரேக் டிரம்மோடும் உருவிக்கொண்டு போய்விடும்.

9 அங்குலம், 8¾ போன்றவற்றில் பேரிங் ஷாஃப்ட்டின் மேலேயே இறுக்கி ஏற்றப்பட்டு, ஒரு தகட்டின் வழியாக ஹவுசிங் முனையில் போல்ட் செய்யப்பட்டிருக்கும். ஷாஃப்ட் ஒடிந்தாலும் சக்கரம் இடத்தில் நிற்கும். சாலையில் அளவோடு ஓட்டும் காருக்குச் சி-கிளிப் குற்றமில்லை. பிடிப்பு அதிகமான டயரோடு பந்தயத்துக்குப் போகிறவர்கள், ஹவுசிங் முனைகளை வெட்டி வெளிப்பூட்டு முனைகளை வெல்ட் செய்வதே சரி.

அகலம்: அதிகம் பிழை நடக்கும் இடம்

பலத்தைப் பற்றி மாதக்கணக்கில் யோசிப்பவர்கள், அகலத்தை ஐந்து நிமிடத்தில் அளந்துவிட்டுத் தவறு செய்கிறார்கள். அளக்க வேண்டியது சக்கரம் அமரும் முகத்திலிருந்து எதிர்ப்பக்க முகம் வரை, டிரம் அல்லது டிஸ்க்கின் கனத்தையும் சேர்த்து. குழாயின் நீளத்தை அளப்பது எதற்கும் உதவாது.

பழைய ஆக்சிலின் அகலத்தை அப்படியே நகலெடுக்காமல், மட்கார்டிலிருந்து உள்நோக்கிக் கணக்குப் போடுங்கள். ஓர் உதாரணம்: ஒரு மட்கார்டு உதட்டிலிருந்து மறு உதடு வரை 1,700 மிமீ. பக்கத்துக்கு 15 மிமீ இடைவெளி விட்டால், டயர்களின் வெளி விளிம்புகளுக்கு இடையே 1,670 மிமீ. டயரின் உண்மையான அகலம் 235 மிமீ என்றால், ஒரு டயர் மையத்திலிருந்து மறு டயர் மையம் 1,435 மிமீ. சக்கரத்தின் ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது ஆக்சிலில் அமரும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது, வெளிப்பக்கம் என்றால் நேர்மறை) பூஜ்யமானால் ஆக்சில் அகலமும் 1,435. ஆஃப்செட் நேர்மறை 25 மிமீ ஆனால், பக்கத்துக்கு 25 சேர்த்து 1,485.

இப்போது உள்பக்கம். டயர்களின் உள் விளிம்புகளுக்கு இடையே 1,435 − 235 = 1,200 மிமீ. பட்டாவுக்கும் டயருக்கும் பக்கத்துக்கு 25 மிமீ வேண்டும். வளைவில் பட்டாக் கார்களின் ஆக்சில் பக்கவாட்டில் நகரும், இதில் கஞ்சத்தனம் கூடாது. ஆக, பட்டாக்களின் வெளிமுகங்கள் 1,150 மிமீக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் டயரைச் சிறிதாக்குங்கள், அல்லது பட்டாவை உள்ளே நகர்த்துங்கள். டயரின் அகலத்தை அதன் பக்கத்தில் அச்சிட்ட எண்ணை வைத்து நம்பாமல், ரிம்மில் மாட்டிக் காற்றடித்த பின் அளக்க வேண்டும். அகலமான ரிம்மில் டயரும் சற்று விரியும்.

எக்ஸ்ப்ளோரர் 8.8இன் அகலம் ஏறக்குறைய 1,510 மிமீ. அதில் ஒரு பக்கக் குழாய் மற்றதைவிடச் சுமார் 75 மிமீ நீளம். நீளமான பக்கத்தை அந்த அளவு வெட்டி, இன்னொரு எக்ஸ்ப்ளோரரிலிருந்து குட்டை ஷாஃப்ட் ஒன்றை எடுத்துப் போட்டால், இரு பக்கமும் ஒரே ஷாஃப்ட், பினியனும் நடுவுக்கு வந்துவிடும், அகலம் நமது உதாரணத்தின் 1,435க்கு வந்து சேரும். ஷாஃப்ட்டை வெட்டி ஸ்ப்லைன் போடும் வேலையே இல்லை. இந்த ஆக்சில் பழைய கார்களுக்கு இவ்வளவு விரும்பி எடுக்கப்படுவதற்கு இதுவே பெரிய காரணம்.

வீல் போல்ட் வட்டத்தையும் பாருங்கள், எக்ஸ்ப்ளோரரில் ஐந்து போல்ட், 114.3 மிமீ. பழைய சக்கரங்களின் மையத் துளை புதிய ஆக்சிலின் நடுக் குமிழுக்கு நுழைகிறதா என்பதையும் ஒரு முறை மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

விகிதம்

100 கிமீ வேகத்தில், 0.65 மீட்டர் விட்டமுள்ள டயர் நிமிடத்துக்குச் சுமார் 817 முறை சுழலும். அதை ஆக்சில் விகிதத்தால் பெருக்கினால், நேர் கியரில் (கியர்பாக்ஸ் விகிதம் 1) எஞ்சின் வேகம் கிடைக்கும். 3.27க்கு 2,672, 3.73க்கு 3,047, 4.10க்கு 3,350. கியர்பாக்ஸில் 0.68 ஓவர்டிரைவ் (விகிதம் 1க்கும் குறைவான மேல் கியர்) இருந்தால் 3.73கூட 2,072க்கு இறங்கிவிடும். ஓவர்டிரைவ் இல்லாத காரில் 4.10 போட்டு நெடுந்தூரம் ஓட்டுவது காதுக்கும் எஞ்சினுக்கும் தண்டனை.

எண் பெரிதாக ஆக, பினியன் சிறிதாகும் என்பதை நினைவில் வையுங்கள். 3.55 என்பது 39க்கு 11 பற்கள், 4.10 என்பது 41க்கு 10, 4.56 என்பது 41க்கு 9. சிறிய பினியனில் ஒரே நேரத்தில் குறைவான பற்களே சுமையைத் தாங்கும். சில ஆக்சில்களில் குறிப்பிட்ட விகிதத்துக்கு மேல் போனால் கேரியரையே மாற்ற வேண்டியிருக்கும். பல்சக்கரம் வாங்குமுன் இதைக் கேட்டுவிடுங்கள்.

கையில் கிடைத்த ஆக்சிலின் விகிதம் தெரியவில்லையா? சாதாரண டிஃபரன்ஷியல் என்றால், ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்து மற்றதை இரண்டு முழுச் சுற்று சுற்றி, பினியன் எத்தனை சுற்று வந்தது என்று எண்ணுங்கள். இரு சக்கரமும் சேர்ந்து சுழலும் வகை என்றால் ஒரு சுற்று போதும்.

டிஃபரன்ஷியல் வகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு சக்கரம் மட்டும் தனியாக வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் வகை லிமிடெட் ஸ்லிப். அதில் தகடு வைத்தது, சாலைக் காருக்கு நல்ல தேர்வு. தகடுகள் தேயும், மாற்றலாம், எண்ணெயில் உராய்வு குறைக்கும் திரவம் சேர்க்க வேண்டும். பல்சக்கர வகைக்குத் தேய்மானம் குறைவு, ஆனால் ஒரு சக்கரம் தரையை விட்டுத் தூக்கினால் அது கைவிட்டுவிடும். இரு பக்கத்தையும் நிரந்தரமாகப் பூட்டும் ஸ்பூல் நேர்கோட்டுப் பந்தயத்துக்கு மட்டும்தான். அதோடு சாலையில் வளைந்தால் டயர் கதறும், ஷாஃப்ட் ஒவ்வொரு திருப்பத்திலும் முறுக்குப்படும்.

பழைய ஆக்சிலை வாங்கும்போது

மூடியைத் திறக்காமல் வாங்காதீர்கள். எண்ணெயில் விரலைத் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை இயல்பு. நகத்தில் தட்டுப்படும் செதில்கள் ஆபத்து. பற்களில் நீலம் பாய்ந்திருந்தால் எண்ணெய் இல்லாமல் ஓடியிருக்கிறது. பினியனைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள், துளியும் ஆட்டம் இருக்கக் கூடாது.

சி-கிளிப் ஆக்சிலில் இன்னொன்று. பேரிங்கின் உருளைகள் நேராக ஷாஃப்ட்டின் மேலேயே ஓடுகின்றன. ஷாஃப்ட்டை உருவி, அந்தப் பளபளப்பான பட்டையில் நகத்தை ஓட்டுங்கள். பள்ளமோ புள்ளிக்குழிகளோ தட்டுப்பட்டால் பேரிங் மட்டும் மாற்றிப் பயனில்லை, ஷாஃப்ட்டையும் மாற்ற வேண்டும். ஷாஃப்ட்டை எடுக்க கேரியரின் குறுக்குத்தண்டைக் கழற்ற வேண்டும். அதைப் பூட்டியிருக்கும் சிறிய போல்ட் பழைய ஆக்சில்களில் உடைந்து உள்ளேயே நின்றுவிடுவதுண்டு. நிதானமாகத் திருகுங்கள்.

வெல்டிங்கும் கோணமும்

குழாயை நடு வார்ப்போடு சுற்றிலும் வெல்ட் செய்வதென்றால், அது எஃகையும் வார்ப்பிரும்பையும் இணைக்கும் வேலை. வார்ப்பை முன்கூட்டியே சூடாக்கி, நிக்கல் கலந்த கம்பியால், ஒரு பக்கம் சிறு துண்டு, எதிர்ப்பக்கம் சிறு துண்டு என்று மாற்றி மாற்றி வைத்து, மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் வெல்டின் ஓரத்திலேயே விரிசல் விடும். ஒரே பக்கம் தொடர்ந்து வைத்தால் குழாய் வளையும். பேரிங்குகளையும் சீல்களையும் முன்பே எடுத்துவிடுங்கள். முடிந்ததும் இரு முனைகளிலும் வளையம் மாட்டி, நேரான கம்பியை நுழைத்து நேர்த்தியைச் சோதிக்க வேண்டும்.

பட்டாவின் மேல் அமரும் தாங்கிகளைக் கடைசியாகத்தான் முழுதாக வெல்ட் செய்ய வேண்டும். காரின் முழு எடையும் சக்கரங்களின் மேல் இருக்கட்டும். கியர்பாக்ஸின் பின்முனைக் கோணத்தைக் கோணமானியால் அளங்கள். அது பின்நோக்கி 3 டிகிரி கீழே சாய்ந்திருந்தால், பினியன் மூக்கு 3 டிகிரி மேல்நோக்கி இருக்கும்போது இரண்டும் இணை. ஆனால் பட்டாக் காரில் ஆக்சிலரேட்டர் அழுத்தும்போது மூக்கு மேலே எழும். ஆகவே நிற்கும் நிலையில் 2 டிகிரி குறைத்து, 1 டிகிரி மேல்நோக்கி வையுங்கள். விசை ஏறும்போது அது தானாக இணைக்கு வந்துவிடும். இதைத் தப்பாக வைத்தால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் கார் அதிரும், என்ன பேலன்ஸ் செய்தாலும் போகாது. முதலில் புள்ளி வெல்ட், மறுபடி அளவு, பிறகு முழு வெல்ட்.

ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நீளத்தை இந்தக் கட்டத்துக்குப் பிறகே எடுக்க வேண்டும். கியர்பாக்ஸுக்குள் நுழையும் முனை, முழுதாக உள்ளே தள்ளிய நிலையிலிருந்து 20 முதல் 25 மிமீ வெளியே இருக்கட்டும். அந்த இடைவெளி இல்லையென்றால், பள்ளத்தில் இறங்கும்போது ஷாஃப்ட் கியர்பாக்ஸை முட்டி, உள்ளே இருக்கும் புஷ்ஷைக் கெடுத்துவிடும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் முனையில் இருக்கும் சிலுவை வடிவக் கிராஸ் ஜாயின்ட்டின் அளவும் மாறியிருக்கும். 1310, 1330 அளவுகளில் குப்பியின் விட்டம் ஒன்றே, அகலம்தான் வேறு. 1350இல் குப்பியே பெரிது. ஒரு பக்கம் ஓர் அளவும் மறுபக்கம் வேறு அளவும் கொண்ட இணைப்பு ஜாயின்ட்டுகள் உண்டு, ஆனால் ஷாஃப்ட்டைப் புதிதாகச் செய்யும்போதே பெரிய அளவுக்குப் போய்விடுவது நல்லது.

பிரேக்கில் ஒரே ஓர் எச்சரிக்கை. டிரம்மிலிருந்து டிஸ்க்குக்கு மாறினால், டிரம்முக்காகக் குழாயில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு மாஸ்டர் சிலிண்டரில் இருக்கிறதா என்று பாருங்கள். அதை எடுக்காவிட்டால் பின் டிஸ்க் எப்போதும் லேசாகப் பிடித்தபடி சூடாகும். அதோடு முன்-பின் அழுத்தத்தைப் பங்கிடும் வால்வையும் மாற்ற வேண்டியிருக்கும், இல்லையென்றால் கடும் பிரேக்கில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு கார் திரும்பிவிடும்.

பல்சக்கரம் அமைத்தலும் முதல் கிலோமீட்டர்களும்

கிரவுனையும் பினியனையும் பொருத்துவது அனுபவம் கேட்கும் வேலை. முதல் முறையாகச் செய்பவர் அதைத் தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது. கொடுத்தாலும் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். பேக்லாஷ் (கிரவுன், பினியன் பற்களுக்கு இடையே விடும் சிறு இடைவெளி) எவ்வளவு? புதிய பல்சக்கரங்களுக்குப் பெரும்பாலும் 0.15 முதல் 0.25 மிமீ, டயல் மானியால் கிரவுனைச் சுற்றிப் பல இடங்களில் அளந்திருக்க வேண்டும். பற்களில் பூசிய நிறம் எங்கே பதிந்தது? பல்லின் அடிவேருக்குப் போயிருந்தால் பினியன் அதிகம் உள்ளே இருக்கிறது, நுனிக்குப் போயிருந்தால் போதுமான ஆழம் இல்லை. பினியன் பேரிங்கின் இறுக்கம் எவ்வளவு? 8.8இல் புதிய பேரிங்குக்கு ஏறக்குறைய 1.8 முதல் 3.2 நியூட்டன் மீட்டர் சுழற்சித் தடை இருக்க வேண்டும். பினியனின் பேரிங்குகளுக்கு இடையே அமர்ந்து, நட்டை இறுக்கும்போது நசுங்கி அந்த இறுக்கத்தை நிர்ணயிக்கும் வளையத்தை அளவுக்கு மேல் இறுக்கிவிட்டு நட்டைத் தளர்த்திச் சமாளித்திருந்தால், அந்த வேலையை ஏற்காதீர்கள். வளையம் ஒருமுறைதான் நசுங்கும், மீறினால் புதிது போட்டே ஆக வேண்டும்.

புதிய பற்கள் முதல் ஓட்டத்திலேயே கடுமையாகச் சூடாகும். 15 முதல் 20 நிமிடம் மிதமாக ஓட்டி, முழுதாக ஆறவிடுங்கள். இதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். முதல் 800 கிமீ வரை இழுவைச் சுமையும் வேண்டாம், சீறிக் கிளம்புவதும் வேண்டாம். 100 கிமீ ஆனதும் ஆக்சிலைப் பட்டாவோடு பிடித்திருக்கும் யு-போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள், புதிய தாங்கியில் அவை கட்டாயம் தளர்ந்திருக்கும். 800 கிமீ-இல் எண்ணெயை வடித்து, புதிய ஜிஎல்-5 கியர் ஆயில் ஊற்றுங்கள். வடித்ததை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மினுமினுக்கும் மெல்லிய தூள் பற்கள் பழகியதன் அடையாளம். ஊசி போன்ற துணுக்கு ஒன்று இருந்தாலும் மூடியை மறுபடி திறந்து பற்களைப் பார்க்க வேண்டும். அதே நேரத்தில் ஹவுசிங் மேலிருக்கும் காற்றுத் துளைக் குழாயை ஊதிப் பார்த்துவிடுங்கள். அது அடைத்திருந்தால் உள்ளே ஏறும் அழுத்தம் எண்ணெயைச் சீல் வழியாகப் பிரேக்குக்குள் தள்ளிவிடும்.